காட்டுப்பள்ளி ரோட்டில் காரை இறக்கலாமா?

காரை இறக்கி ஓட்டும் ஆசை வந்துவிட்டால் கடையில் இரண்டு வழி சொல்வார்கள். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு உயரம் குறைந்த ஸ்பிரிங் போடுவது ஒன்று. ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கும். இன்னொன்று காயிலோவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் செட்டாகவே வரும். ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். வளையத்தைத் திருகி வண்டியை ஏற்றலாம், இறக்கலாம். முதலாவது மலிவு, இரண்டாவதற்குப் பல மடங்கு பணம். எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் ரேஸ் ஓட்டுபவர்களின் பதில்தான் கிடைக்கிறது. நான் ரேஸ் ஓட்டுபவன் அல்ல. திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், வல்லூர், அத்திப்பட்டு புதுநகர் வழியாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன். என் ஸ்விஃப்ட்டில் இருப்பது இறக்கிய ஸ்பிரிங். அக்கா மகனின் போலோவில் காயிலோவர். இரண்டையும் இதே ரோட்டில் ஓட்டியிருக்கிறேன்.

இந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இடங்களில் தார் உருகி, சக்கரத் தடம் வாய்க்கால் போல் பள்ளமாகி, நடுவில் திட்டு எழும்பியிருக்கும். காரின் சக்கரம் பள்ளத்தில் போகும்போது வயிறு அந்தத் திட்டின்மேல் போகும். பள்ளத்தை ஒதுக்கிவிட்டு ஓட்டலாம் என்றால் பக்கத்தில் நாற்பது அடிப் பெட்டியோடு இன்னொரு டிரெய்லர்.

வேகத்தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி வட்டவடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர். ஆக, தடையின் உச்சி வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே வரும்போது நாலு சக்கரமும் தடையின் மேலேயே நிற்கும். வயிற்றை நோக்கி எழும்புவது நாலரை சென்டிமீட்டர்தான். ஓரளவு இறக்கிய காரும் தாண்டிவிடும். ஆனால் ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் தடை ஒன்றரை அடி அகலம்கூட இருக்காது. சக்கரம் இரண்டு பக்கமும் தரையில், நடுவில் முழு 10 செ.மீ. சுவர். ஸ்விஃப்ட்டின் வயிற்றுக்கும் தரைக்கும் கம்பெனி தரும் இடைவெளி 163 மி.மீ. அதில் 35 மி.மீ. இறக்கினால் 128. நாலு பேரும் ஒரு பெட்டியும் ஏறினால் தடைக்கு மேல் மிஞ்சும் கொஞ்சமும் போய்விடும், சத்தம் கேட்கும்.

அடி தட்டுவது வெளியே தெரிகிற தொல்லை. உள்ளே நடப்பதுதான் பெரிய விஷயம். காசு செலவழிக்கும் முன்னால் யாரானாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கேபிள் டை ஒன்று போதும். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தூசி ரப்பரை மேலே தூக்கிவிட்டு, பளபளவென்று தெரியும் தண்டில் டையை மாட்டுங்கள். கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக விழக் கூடாது; அந்த இறுக்கம் போதும். வண்டி சமதரையில் நிற்கும்போது அதைக் கீழே ஷாக்கின் வாய் வரை தள்ளிவிட்டு, வழக்கமான ரோட்டில் வழக்கம்போல் ஓட்டுங்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் டை மேலே ஏறி நிற்கும். ஷாக்கின் வாயிலிருந்து டை வரை உள்ள தூரம்தான் உங்கள் ரோடு கேட்கிற தூரம். டைக்கு மேலே, ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரைக்கும் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் இறக்குவதற்கு இடம். என் வண்டி கம்பெனி உயரத்தில் இருந்தபோதே டை அந்த ரப்பரை முட்டிக்கொண்டுதான் நின்றது.

இறக்கிய ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகத்தான் வரும், அதனால் அவ்வளவு அமுங்காது என்பார்கள். பாதி உண்மை. ஸ்பிரிங் விழுங்கும் சக்தி அமுங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. உதாரணத்துக்கு 80 மி.மீ. அமுங்க இடமிருந்த வண்டியை 35 இறக்கினால் மிச்சம் 45. அதே பள்ளத்தின் அதே அடியை 45 மி.மீட்டருக்குள் விழுங்க வேண்டுமானால் ஸ்பிரிங் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்க வேண்டும். ரோட்டு வண்டிக்கென்று விற்கும் ஸ்பிரிங் எதுவும் அப்படி வராது. வந்தால் அதில் உட்கார முடியாது. ஆகவே மிச்ச அடியை பம்ப் ஸ்டாப் வாங்கும், அதற்குப் பிறகு ஸ்ட்ரட் மவுண்ட், அதற்குப் பிறகு உங்கள் முதுகு.

கணக்குப்படி என் வண்டிக்கு இடமே இல்லை; ஆசை விடாததால் 25 மி.மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். அதையும் பழைய ஷாக்கின்மேல் போடவில்லை. அதற்குக் காரணம் திருவொற்றியூரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக். கழற்றிய ஷாக்கைக் கையில் அமுக்கிக் காட்டினார். தண்டு உள்ளே போயிற்று, திரும்பி வர மனசே இல்லை.

“இன்னா சார், எண்பதாயிரம் ஓடிக்கீது. அதும்மேல புது ஸ்பிரிங்கப் போட்டா ரெண்டே மாசத்துல எண்ணெ கக்கிடும். அப்பறம் ஸ்பிரிங்கு சரியில்லன்னு நீயே வந்து நிப்பே.”

“அப்ப ஷாக்கும் சேர்த்து மாத்திடலாமாண்ணே?”

“ஷாக்க முதல்ல மாத்து சார். ஓட்டிப் பாரு. ஸ்பிரிங்கே வேணாம்னு தோணும்.”

அது பெரும்பாலும் உண்மை. வண்டி அலைபாய்கிறது, வளைவில் சாய்கிறது என்று சொல்லி இறக்க வருபவர்களில் பலருக்கு வேண்டியது நல்ல ஷாக்கும் நல்ல டயரும்தான். புது ஷாக்குக்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால் ஸ்பிரிங்குக்கு வரலாம். உயரம் குறைந்த ஸ்பிரிங்குக்கென்றே குட்டையாகச் செய்யும் ஷாக்கும் உண்டு. பில்ஸ்டைன் பி8 அந்த வகை. எல்லாச் சின்னக் காருக்கும் கிடைக்காது.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டுவது அல்லது கேஸ் வெல்டிங்கில் சூடுகாட்டி உட்கார வைப்பது. சூடுபட்ட எஃகின் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்காராது. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் கையால் ஆட்டலாம். எந்த ஸ்பிரிங் போட்டாலும் இதைச் சோதித்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி காயிலோவர். அக்கா மகன் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிறவன். நம் வடசென்னைப் பக்கத்துச் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸைப் பார்த்த தலைமுறைக்கு இருங்காட்டுக்கோட்டை தூரத்து இடம். அவனுக்கு அதுதான் வீடு. “மாமா, ஒரு வாட்டி ஓட்டிப் பாரு, அப்பறம் பேசு” என்று சாவியைக் கொடுத்தான். வெளிவட்டச் சாலையில் மீஞ்சூரிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. மேடு தாண்டினால் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது. ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற ஷாக்கைச் சேர்த்தே வடிவமைப்பதால் வரும் குணம் அது. என் செட்டில் அந்தப் பொருத்தம் இல்லை.

வாங்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில காயிலோவரில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு மட்டும் மேலும் கீழும் நகரும். வண்டியை இறக்க இறக்க அமுங்கும் தூரம் குறையும். பி.சி. ரேசிங் போன்ற தைவான் செட்டுகளில் கீழ் பிராக்கெட்டும் தனியாகத் திருகும். இறக்கினாலும் ஷாக்கின் தூரம் அப்படியே இருக்கும், ஆனால் டயர் போய் ஃபெண்டரில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்தலையில் ரப்பருக்குப் பதில் இரும்பு உருண்டை வைத்த மவுண்ட் தருகிற செட்டும் உண்டு. பந்தயத் தடத்துக்கு நல்லது. நம் ரோட்டுக்கு ரப்பர் மவுண்டே மேல். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் டக் டக் என்று தட்ட ஆரம்பித்துவிடும். இன்னொன்று, போலோ, ஸ்விஃப்ட் இரண்டிலும் பின்னால் ஸ்பிரிங் ஒரு இடம், ஷாக் வேறு இடம். காயிலோவர் செட் வாங்கினாலும் பின்பக்கம் கிடைப்பது தனி ஸ்பிரிங்கும் அதன் உயரத்தை மாற்ற ஒரு திருகுதட்டும் தனி ஷாக்கும்தான்.

என்னைக் கேட்டால் இந்த ஊரில் காயிலோவரின் அருமை வண்டியை இறக்குவதில் இல்லை, ஏற்றுவதில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வளையத்தைத் திருகிக் கம்பெனி உயரத்துக்கே கொண்டுபோகலாம், தை பிறந்ததும் இறக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் மணலியிலும் எண்ணூரிலும் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த வசதி எவ்வளவு பெரியது என்று தெரியும். உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் கேம்பரும் டோவும் (சாய்வும் திசையும்) மாறும். அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், அது கூடுதல் செலவு. அதையும் பொறுத்துக்கொள்ளலாம், வளையம் திரும்பினால்.

திரும்பாது. காட்டுப்பள்ளிக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. காற்றில் வரும் உப்பை எடுக்க ஆலை இல்லை. அதோடு ரோட்டில் அனல்மின் நிலையச் சாம்பல். உப்பும் ஈரமும் சாம்பலும் மரையின் பள்ளத்தில் சேர்ந்தால் இறுகிப்போகும். சிமெண்டில் கலப்பதும் இந்தச் சாம்பலைத்தானே. அக்கா மகனின் வண்டியில் முன் இடது வளையம் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் சி-ஸ்பேனரை வளைத்ததே தவிர அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டுத்தான் எடுத்தார்கள். சூடு காட்டவே கூடாது, உள்ளே எண்ணெயும் சீலும் இருக்கின்றன.

அதனால் காயிலோவர் போடுகிறவர் மாதம் ஒரு தரமாவது சக்கர வளைவுக்குள் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்தில் அதுவே உப்பு. பிறகு பித்தளை பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, வளையத்தைக் கொஞ்சம் திருகி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட வேண்டும். கிரீஸ் தடவாதீர்கள், சாம்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பைக் டியூபைச் சுற்றிவிடும் வழக்கமும் வேண்டாம், தண்ணீர் உள்ளே தங்கும். ஜெர்மனியின் கே.டபிள்யூ. போல துருப்பிடிக்காத எஃகில் உடம்பு செய்பவர்களும் உண்டு. வேலை மிச்சம், விலை கண்ணைக் கட்டும். சாதா ஸ்பிரிங்குக்கு இவ்வளவு பாடு இல்லை. கீழ்ச் சுற்றில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று சர்வீசின்போது டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். உடைந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உடையும்.

தினமும் காட்டுப்பள்ளிக்கு ஓட்டுகிற சின்னக் காருக்குப் புது ஷாக், அதன்மேல் 25 மி.மீட்டருக்கு மேல் இறக்காத நல்ல பிராண்டு ஸ்பிரிங்: இது என் முடிவு. காயிலோவர், பந்தயத் தடத்துக்கு உண்மையிலேயே போகிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷோடு வண்டிக்கடியில் படுக்கத் தயங்காதவருக்கும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இன்சூரன்ஸ்காரரும் இதைக் காரணம் காட்ட இடமுண்டு. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். முன், பின் என்று எழுதி, கொஞ்சம் எண்ணெய் பூசி, சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும், வண்டியை விற்கும்போதும் அவைதான் தேவைப்படும்.