ஒயர் நுனியைச் சுரண்டினால்தான் பல்பு எரியும்

நம்பிக்கை: கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டால் போதும், பிள்ளைகள் அறிவியலைத் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

இதற்கு மேடைதோறும் காட்டப்படும் சான்று, சுனாமி தாக்கிய காளிக்குப்பம் கிராமம். கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா அங்கே வைத்த கம்ப்யூட்டரில் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே முட்டி மோதி, மூலக்கூறு உயிரியல் தேர்வில் சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் மீதிக் கதையைப் பலர் சொல்வதில்லை. பிறகு, அந்தப் பாடம் தெரியாத உள்ளூர் இளம்பெண் ஒருவர் கூடவே உட்கார்ந்து, கேள்வி கேட்டு, தட்டிக்கொடுத்தார். மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது. பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வும் இருக்கிறது. மடிக்கணினி வந்தும் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகள் முன்னேறவில்லை என்று 2012-இல் முடிவு வந்தது.

நம்பிக்கை: திரையில் செய்தாலும் சோதனை சோதனைதானே?

திரையில் ஒயரை இழுத்து பேட்டரியோடு ஒட்டினால் பல்பு உடனே எரியும். நாலாம் வகுப்பில் நிஜமாகச் செய்து பாருங்கள், முதல் தடவை எரியவே எரியாது. ஒருத்தி ஒயர் நுனியிலுள்ள பிளாஸ்டிக்கைச் சுரண்டியிருக்க மாட்டாள். இன்னொருவன் இரண்டு நுனியையும் பல்பின் அடிப்பொட்டிலேயே வைத்திருப்பான். ஒன்று பக்கத்துத் தகரத்தைத் தொட வேண்டும். மூன்றாவது ஆள் வீட்டு ரிமோட்டிலிருந்து உருவி வந்த செல் தீர்ந்துபோனது. மின்சாரம் எதன் வழியாகப் போகும், எங்கே திரும்பி வர வேண்டும் என்ற பாடம் முழுக்க இந்தத் தடங்கல்களில்தான் இருக்கிறது. பல்பு எரிந்த பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கலாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற திரைச் சோதனைத் தளம் இலவசம். அதில் ஒயருக்குள் எலெக்ட்ரான்கள் நகர்வதைக் காட்டுவார்கள். அதை எந்தக் கையாலும் தொட்டுப் பார்க்க முடியாது.

நம்பிக்கை: வீடியோவில் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

சூரியக் குடும்ப வீடியோக்கள் பெரும்பாலும் அளவில் பொய் சொல்கின்றன; சொல்லாவிட்டால் கோள்கள் திரையில் அடங்காது. மைதானத்துக்குப் போங்கள். 2 மி.மீ. கடுகு பூமி என்றால், சூரியன் ஒரு கால்பந்து. இரண்டுக்கும் நடுவே சுமார் 23 மீட்டர். கடுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குப் பந்து எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று கேளுங்கள்.

நம்பிக்கை: ஸ்மார்ட் வகுப்பறை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆசிரியரின் போன் ஒன்று போதும். ஈரப்பஞ்சில் வைத்த பச்சைப்பயறு முளைவிடுவதை டைம்லாப்ஸில் எடுத்தால், இரண்டு நாள் கதை அரை நிமிடத்தில் ஓடும். டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களில் அதில்தான் தெரியும். அது ஏன் என்று அடுத்த நிமிடமே கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும்.