துணைக்கோளத்தைச் சுட்டால் துண்டுகள் எங்கே போகும்?

மாணவர்களே, தரையில் ஒரு பொருளைச் சுட்டு உடைத்தால் துண்டுகள் சில விநாடிகளில் கீழே விழுந்துவிடும். பூமியைச் சுற்றிவரும் துணைக்கோளத்தை உடைத்தால் என்ன ஆகும்? பல துண்டுகள் உடனே விழுவதில்லை. துணைக்கோளம் சென்ற வேகத்தை ஒட்டிய வேகத்திலேயே அவையும் பூமியைச் சுற்றுகின்றன.

வேவு பார்க்க, வழி அறிய, செய்தி அனுப்ப என இராணுவங்கள் துணைக்கோளங்களை நம்பியுள்ளன. அதனால் எதிரியின் துணைக்கோளத்தை அழிக்கும் ஆயுதங்களும் பிறந்தன. தரையிலிருந்து பாயும் ஏவுகணையில் வெடிமருந்துகூடத் தேவையில்லை, மோதினாலே போதும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளும் தங்கள் சொந்தத் துணைக்கோளங்களை உடைத்துச் சோதித்துள்ளன.

ஒரு சிறு கணக்கு

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் மோதல் வேகம் விநாடிக்கு 10 கிலோமீட்டர், அதாவது 10,000 மீட்டர் இருக்கக்கூடும். 1 கிராம் என்பது 0.001 கிலோகிராம். கணக்கிட்டால் 50,000 ஜூல் வரும். இப்போது 1,000 கிலோகிராம் கார் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்ளுங்கள். அதன் ஆற்றலும் 50,000 ஜூல்தான்! நிறை பத்து லட்சம் மடங்கு குறைந்தாலும், வேகம் ஆயிரம் மடங்கு கூடியதால் இரண்டும் சமமாகிவிட்டன.

உயரம் ஏன் முக்கியம்?

2007 ஜனவரியில் சீனா தனது பெங்யுன்-1சி என்ற வானிலைத் துணைக்கோளத்தை ஏறத்தாழ 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அங்கே காற்று மிக மிக மெலிந்தது. துண்டுகளின் வேகத்தைக் குறைக்க ஏறக்குறைய எதுவும் இல்லாததால், அவற்றில் பல இன்னும் சுற்றுகின்றன. 2019 மார்ச்சில் இந்தியா ஏறத்தாழ 280 கிலோமீட்டர் உயரத்தில் சோதனை நடத்தியது. அங்கே காற்றின் உராய்வு மிக அதிகம். பெரும்பாலான துண்டுகள் விரைவில் கீழிறங்கி எரிந்தன. ஆனால் மோதலின் வேகத்தில் சில துண்டுகள் மேல்நோக்கி வீசப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டின.

2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ் 1408 துணைக்கோளத்தை உடைத்தபோது 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டாயின. விண்வெளி நிலையத்தில் இருந்த எழுவரும், இணைந்து நின்ற விண்கலங்களுக்குள் புகுந்து தஞ்சம் அடைந்தனர். அந்த எழுவரில் இருவர் ரஷ்யர்கள். சிதறிய துண்டுக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோளம் 2015இல் 550 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் செலுத்தப்பட்டது. துருவங்களை ஒட்டிச் சுற்றும் துண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூமத்திய ரேகையைக் கடக்கின்றன. சுடாத நாடுகளும் ஆபத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கத் தடை விதிக்கிறது. ஆனால் தரையிலிருந்து ஏவுகணையால் துணைக்கோளத்தை உடைப்பதை அது தடுக்கவில்லை. இத்தகைய சோதனைகளை நடத்தமாட்டோம் என 2022 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதே வேண்டுகோளுடன் வந்த தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. அத்தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

சிந்தித்துப் பாருங்கள்

1. மோதல் வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எத்தனை மடங்காகும்?
2. தாழ்ந்த உயரத்தில் சோதிப்பது முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா? காரணம் தருக.