மந்திரத்துக்கும் விலை உண்டு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கையில் எப்போதும் தலையணை பருமனில் ஒரு ஃபேன்டஸி நாவல் இருக்கிறது. நானும் வாசகன்தான், ஜானகிராமன், அசோகமித்திரன் என்று படித்து வளர்ந்தவன். அவள் கொடுத்த ஒன்றிரண்டைப் புரட்டினேன், ஒட்டவில்லை. மந்திரம் போட்டால் எதுவும் நடக்கும் என்றால் கதையில் பதைப்பு எங்கிருந்து வரும்? இல்லாத ஊரும் இல்லாத ஆட்களும் இத்தனை பேரை எப்படிக் கட்டிப்போடுகிறார்கள்?

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: எதுவும் நடக்கும் என்று எழுதப்பட்ட நாவல்களும் உண்டு. அவற்றைப் பாதியில் மூடிவைத்தால் குற்றமில்லை. ஆனால் நல்ல ஃபேன்டஸி எழுதுபவர், தன் உலகில் எது நடக்காது என்பதில்தான் கறாராக இருப்பார். வேதாளக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் பொறுமையை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலும் தீவுகளுமான உலகம். அங்கே ஒரு பொருளின் உண்மைப்பெயரை அறிந்தவருக்கே அதன்மேல் மந்திரம் செல்லும். மனிதர்களுக்கும் இதே சட்டம்தான். ஆகவே யாரும் தம் உண்மைப்பெயரைச் சொல்வதில்லை. கூப்பிடுவதற்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

இனி கதைக்கு வாருங்கள். கெட் என்ற இளைஞன், மந்திரப் பள்ளியில் வீம்புக்காகச் செய்த ஒரு வித்தையால் கொடிய நிழல் ஒன்றை உலகுக்குள் விட்டுவிடுகிறான். முகத்தில் தழும்பு, மனத்தில் கூச்சம். பிறர் தன்னை நம்புவார்கள் என்ற நம்பிக்கையே அவனுக்குப் போய்விட்டது. அப்போது பள்ளியை விட்டுக் கிளம்பும் நண்பன் வெட்ச், கேட்காமலே தன் உண்மைப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். தன் உயிரையே அவன் கையில் கொடுக்கிறான் என்று பொருள். ஆசிரியர் ஒரு வரிகூட உருகி எழுத வேண்டியதில்லை. அந்த உலகத்தின் சட்டமே நட்பின் ஆழத்தைக் காட்டிவிடுகிறது.

அங்கே மந்திரத்துக்கு விலையும் உண்டு. ஒரு தீவில் வலிந்து மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறளலாம். பருந்தாக மாறிப் பறந்து தப்பிக்கும் கெட், நெடுநேரம் அதே உருவில் இருந்ததால் மனிதத்தன்மையைக் கிட்டத்தட்ட இழந்தே போகிறான். லெ குவின் மானுடவியல் அறிஞர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். ஒரு சமூகத்தின் வழக்கங்கள் மனிதர்களை எப்படி உருவாக்குகின்றன என்பது அவருக்கு வீட்டுப் பாடம்.

சிரிக்கச் சிரிக்க எழுதிய டெர்ரி பிராட்செட்டிடமும் இந்தக் கறார் உண்டு. அவருடைய 'டிஸ்க்வேர்ல்ட்' தட்டையான உலகம். நான்கு யானைகள் சுமக்க, அந்த யானைகள் ஓர் ஆமையின் முதுகில் நிற்கின்றன. அங்கே மரணமே ஒரு பாத்திரம்: பூனைப் பிரியர், கறி விரும்பிச் சாப்பிடும் எலும்புக்கூடு. 1987இல் வந்த 'மோர்ட்' நாவலில், மரணத்திடம் தொழில் பழகும் பையன், சாக வேண்டிய இளவரசி ஒருத்தியை இரக்கப்பட்டுக் காப்பாற்றிவிடுகிறான். அவள் பிழைத்தாலும் உலகம் அவள் செத்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. கண்ணெதிரே நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை. தான் இருப்பதை ஊருக்கு நினைவூட்டவே ஒரு மந்திரவாதியை அவள் வேலைக்கு வைக்க வேண்டியிருக்கிறது. நகைச்சுவைதான். ஆனால் இரக்கத்துக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது கடினம்.

ஆக, உலகம் வேறு, பாத்திரம் வேறு அல்ல. சட்டத்தை ஆசிரியர் வகுக்கிறார். அதில் முட்டிக்கொள்ளும்போது ஒருவர் யார் என்பது வெளிப்படுகிறது. ஜானகிராமனின் தஞ்சாவூரிலும் சாதியும் குடும்பமும் வகுத்த சட்டங்களில்தானே மனிதர்கள் முட்டிக்கொள்கிறார்கள்?

டோல்கீனில் தொடங்காதீர்கள், 1954–55இல் மூன்று பாகமாக வந்த அவருடைய பெரிய நாவல் நிதானம் கேட்கும். எர்த்சீ மெலிந்த புத்தகம், அதை முதலில் படியுங்கள். முடித்ததும் மகளிடம், அவளுக்குப் பிடித்த நாவலில் எது நடக்கவே நடக்காது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல நாவலாக இருந்தால் உடனே பதில் சொல்வாள்.