உளவியல் படித்தால் என்ன வேலை?



ஏ/எல் முடித்த பிள்ளை "உளவியல் படிக்கப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் எழும் முதற் கேள்வி, "அத படிச்சி என்னா வேல செய்யப் போற?" என்பதுதான். டீச்சர் வேலை தெரியும், கிளாக்கர் வேலை தெரியும், இது தெரியாது. கேள்வி நியாயமானது. செலவழிக்கப் போவது கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அல்லவா? ஆகவே இந்தப் பாடத்தில் அதற்குப் பதில் தேடுவோம்.

தேவை எங்கே இருக்கிறது?

தேவை இருக்கும் இடத்தில்தான் வேலையும் பிறக்கும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் குடியேறியது. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் அம்மக்களில் 450 பேரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். 2013 இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உளப் பாதிப்பு இருந்தது. வேலை இல்லாதவர்களும், துணையை இழந்தவர்களும், சாப்பாட்டுக்கு நிச்சயம் இல்லாதவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மனவேதனை உடம்பு வலியாக வெளிப்படுவதே அதிகமாகக் காணப்பட்டது.

நமது தோட்டத்திலும் "தல இடிக்குது, மேலெல்லாம் வலிக்குது" என்று மாதக்கணக்கில் டிஸ்பென்சரிக்குப் போய்வருவோர் இல்லையா? எல்லாமே மனக்கவலை என்று சொல்லிவிட முடியாது. வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மாத்திரையால் தீராத வலிக்கு, உட்கார்ந்து கேட்கும் ஒருவரும் வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் துக்கத்தை எப்படிச் சொல்வாள்? லயத்துக் காம்பராவில் பேசிப் பழகிய தமிழ், இந்தத் தொழிலில் ஒரு தகைமை.

மூன்று பெயர்கள்

மனநல மருத்துவர் என்பவர் டொக்டருக்குப் படித்து, அதன் மேல் மனநோய் பற்றிச் சிறப்பாகப் படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் அவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் மேற்பட்டம் பெற்று, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை செய்பவர். உளவளத்துணையாளர் கவலையைக் கேட்டு, வழி தேட உதவி, தேவையானால் மற்ற இருவரிடமும் அனுப்பி வைப்பவர்.

படிப்படியாக ஏறும் ஏணி

முதற் படி: கலைப் பிரிவில் படித்தவர்களும் போகலாம். பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் உளவியல் உண்டு. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. அதற்கு ஆங்கிலம் தேவை. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் உளவளத்துணை டிப்ளோமா படிக்கலாம்.

இரண்டாம் படி: பட்டத்தோடு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகம், பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர், தொண்டு நிறுவனங்களில் உளசமூகப் பணி, கம்பெனிகளில் ஆட்சேர்ப்பும் பயிற்சியும் பார்க்கும் வேலை என்று போகலாம். அரசாங்க வேலைக்கு விளம்பரம் வரவேண்டும், பரீட்சை எழுதவேண்டும். உடனே கிடைத்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: நல்ல சம்பளம் பெரும்பாலும் இங்கேதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் பட்டம் படித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர்கள் ஆஸ்பத்திரியிலும் தனியாகவும் சிகிச்சை செய்கிறார்கள். சர்வதேச நிறுவனங்களும் இப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன. பெரிய கம்பெனிகளின் மனிதவளப் பிரிவில் மேலே ஏறுவோரும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்.

ஆகவே வெறும் முதற் பட்டத்தோடு பெரிய சம்பளம் வராது. ஏணியின் உச்சிக்கு ஏழெட்டு வருடம் பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். "மூன்றே மாதத்தில் உளவியலாளர் ஆகலாம்" என்று காசு கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். சான்றிதழை அரசாங்கம் ஏற்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

வீட்டில் கலந்து பேச

1. நம் பிள்ளைக்குப் பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் குணம் உண்டா?
2. கேட்ட இரகசியத்தை வெளியே சொல்லாத வாய் உண்டா?
3. தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் படிக்க இப்போதே என்ன செய்கிறோம்?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், "அத படிச்சி என்னா செய்யப் போற?" என்று தடுக்காதீர்கள். படிக்க விடுங்கள்.