மார்கழியில் தைராய்டு மாத்திரையை விடாதீர்கள்

மார்கழி பிறந்தால் விடியுமுன்பே மயிலாப்பூர் மாட வீதிகளில் மப்ளர் கட்டிய தலைகள் தெரியும். வீட்டிலோ, போர்வையை விட்டு எழாத பாட்டியை "குளிருது போல, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அப்படி விடாதீர்கள். எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள்.

தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்து உடல் மெல்ல அணைந்துபோவதற்கு மிக்ஸிடீமா கோமா என்று பெயர். அபூர்வம்தான், ஆனால் கொடியது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 23 நோயாளிகளில் பாதிக்கு மேல் இறந்தனர். அறுபது தாண்டிய பெண்களுக்குக் குளிர்காலத்தில்தான் அதிகம் வருகிறது. சென்னைக் குளிர் ஒரு குளிரா என்று நினைக்க வேண்டாம். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை, இவற்றில் ஒன்றே அதைத் தூண்டிவிடப் போதும்.

மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே எதுவும் தெரியாது. ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். "விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். ஏகாதசி விரதமானாலும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். காபி, அரை மணியாவது கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் கழித்து.

மிக்ஸிடீமா கோமா நெருங்கினால், பேச்சுக் கொடுக்கும்போது பதில் இழுத்து இழுத்து வரும். குரல் கரகரக்கும், கண்ணிமை உப்பும், நாடி மெதுவாகும். வயிற்றைத் தொட்டால்கூடச் சில்லென்றிருக்கும். தொற்று இருந்தும் ஜுரம் அடிக்காது. தெர்மாமீட்டர் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டினாலோ, எண் வராமல் 'லோ' என்று வந்தாலோ, பேட்டரி போய்விட்டது என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

வண்டி வரும்வரை கம்பளி போர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வெந்நீர்ப் பை வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் காபியோ, விட்டுப்போன மாத்திரைகளோ போடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மிக்ஸிடீமா கோமாவுக்கு ஐ.சி.யு.வில்தான் வைத்தியம். முதலில் ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசி, அதை ஒட்டித் தைராக்ஸின். தைராக்ஸின் ஊசி கிடைக்காவிட்டால் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே கொடுப்பார்கள். சண்டிகர் ஆய்வில் இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. தயங்காமல் சம்மதியுங்கள்.

மயக்கம் என்றதும் பக்கவாதமோ, சர்க்கரை இறங்கிவிட்டதோ என்றுதான் முதலில் தேடுவார்கள். ஆகவே கேட்காமலேயே சொல்லுங்கள்: "தைராய்டு இருக்கு, இத்தனை நாளா மாத்திரை போடலை." கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் தழும்பு இருந்தால் காட்டுங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.