ஈருயிரும் ஓர் இல்லமும்

கருவுற்ற பெண்ணை 'ஈருயிர்க்காரி' என்பது தமிழ் வழக்கு. வளைகாப்பு நாளில் அவருக்குப் பலவகைச் சோறு சமைத்து, முதலில் பரிமாறி மகிழ்கின்றனர். மறுநாளே பல இல்லங்களில் அவர் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவராகிறார். அந்த ஒருநாள் விருந்தன்று, அன்றாட இல்லச்சூழலே ஈருயிரின் நலத்தையும் முடிவுசெய்கிறது.

குருதியின் தேவை

கருவுற்ற காலத்தில் தாயின் குருதி அளவு பெருகுகிறது; இரும்புச்சத்தின் தேவையும் உயர்கிறது. கருவுற்ற காலத்தின் முதல் மும்மாதத்திலும் இறுதி மும்மாதத்திலும் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால், அது கருவுற்ற பெண்களுக்கான குருதிச்சோகை என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. குருதிச்சோகை முற்றினால் குறைமாதப் பேறும் எடைகுறைந்த மகவும் நேரக்கூடும். பேற்றின்போது ஏற்படும் குருதியிழப்பு தாயின் உயிருக்கே ஊறாகலாம்.

ஊட்டம் கரையும் வழிகள்

உண்ட உணவின் பயன் முழுவதும் உடலில் சேர்வதற்கு வீடும் துணைநிற்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடங்களில் மனிதக் கழிவு மண்ணில் கலக்கிறது. அம்மண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் இளவுயிரிகள் வெறுங்கால் வழியே உடலுள் நுழைந்து, வளர்ந்தபின் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகின்றன. தூய்மையற்ற குடிநீர் வயிற்றுப்போக்கை உண்டாக்கி ஊட்டத்தை வெளியேற்றுகிறது. தொலைவிலிருந்து நீர் சுமப்பதால் உண்ட உணவின் ஆற்றல் உழைப்பிலேயே செலவாகிறது. காற்றோட்டமற்ற சமையலறையின் விறகுப்புகையும் கருவின் எடையைக் குறைக்கக்கூடும்.

அரசும் இல்லமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்கன்வாடிகள் வழியே கருவுற்றோர்க்கு இணையுணவு வழங்கப்படுகிறது. அரசு மருத்துவ நிலையங்கள் இரும்புச்சத்து மாத்திரைகளை அளிக்கின்றன. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் நடைமுறையில் உள்ளது.

எனினும், தாய்க்கென வந்த இணைமாவு வீட்டார் அனைவருக்கும் பங்கிடப்பட்டால் அவருக்கு எஞ்சுவது சிறிதே. மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் இரும்புச்சத்து உட்கிரகிக்கப்படுவது குறைகிறது. நெல்லி, எலுமிச்சை போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி அதனைக் கூட்டுகிறது. இதனை அறிய வேண்டியவர் தாய் மட்டுமல்லர். கணவரும் மாமியாரும் உடன்பிறந்தோரும் அறிதல் வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை மற்றொருவர் சுமப்பதற்கும், பருப்பையும் கீரையையும் முதலில் அவருக்குப் பரிமாறுவதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. வளைகாப்பு நாளின் முதற்பந்தி நாள்தோறும் தொடருமாயின், 'ஈருயிர்க்காரி' என்னும் சொல் பொருளுடையதாகும்.