படுவான்கரைக்குக் காப்புறுதி மட்டும் போதுமா?

கேள்வி: இதய நோயாளிகளுக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி கிடைப்பதே பெரும்பாடு. மறுக்கக் கூடாதென்று அரசு சட்டம் போட்டால் எங்கள் அவசர சிகிச்சைக் கஷ்டம் தீருமா? (வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: தீராது. காப்புறுதி பில்லைக் கட்டும், நேரத்தைத் தராது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வயலில் பாம்பு கடித்தவரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர அந்த வாவியைக் கடக்க வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். மண்முனையில் ‘பாதை’ எனும் படகுக்காகக் காத்து நின்ற அவலத்தை முடித்தது 2014இல் திறந்த பாலம்தான், எந்தக் காப்புறுதியும் அல்ல. 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸும் இலவசமே. அது நன்கொடையோடு நின்றுவிடாமல் 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. விதிமுறையின் பெறுமதி அதில் தெரிகிறது.

நோயாளிகளை மறுக்காதே என்ற சட்டமும் வேண்டியதே. ஆனால் அதை மட்டும் போட்டால் நோய் வந்தபின் சேருவோரே கூடுவர், கட்டணம் ஏறும், ஏழை மீனவர் வெளியேதான் நிற்பார். ஆகவே அவசர சிகிச்சைச் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். முற்பணம் கேட்காமல் உயிர்காக்கும் முதற்சிகிச்சை தரும் கடமை தனியார் மருத்துவமனைக்கும் வேண்டும். நட்டத்தை யார் தாங்குவது என்று தனியார் மருத்துவமனைகள் கேட்பது நியாயமே. வீதி விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழ்நாடு அரசு 2021 முதல் ஏற்று, தனியாருக்கும் கொடுக்கிறது. நம் கிழக்கு மாகாணத்துக்கும் அந்த வழி பொருந்தும்.